செசில் சௌத்ரி: இரண்டு யுத்தங்களில் பறந்த ஒரு கிறிஸ்தவரின் வாழ்க்கை

1965 இந்திய-பாக்கிஸ்தான் யுத்தம் என்றதும் எமது ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு எம்.எம். ஆலம் என்ற விமானியின் பெயர் ஞாபகத்துக்கு வரும். அதே யுத்தத்தில், அதே சர்கோதா விமானத் தளத்திலிருந்து பறந்த இன்னொருவரை நம்மில் அநேகருக்குத் தெரியாது. அவர் பெயர் செசில் சௌத்ரி. பாக்கிஸ்தானியர், பஞ்சாபி, கத்தோலிக்கக் கிறிஸ்தவர். அவரைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

செசில் 1941 ஓகஸ்ட் 27ஆம் திகதி பஞ்சாபின் உப்பு மலைத்தொடர்ப் பகுதியிலுள்ள தல்வால் என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் எஃப்.இ. சௌத்ரி ஆசிரியராகத் தொழில் பார்த்து, பிறகு பாக்கிஸ்தானின் மூத்த பத்திரிகைப் புகைப்படக் கலைஞராகப் புகழ் பெற்றவர். லாகூரில் அவரைச் 'சாச்சா' என்றுதான் அன்போடு அழைப்பார்கள். மகன் செசில் லாகூர் சென். அந்தனிஸ் பாடசாலையில் படித்தார். 1958இல் விமானப்படையில் சேர்ந்தார்.

1965 செப்டெம்பர் 6. யுத்தத்தின் முதலாவது பெரிய வான் தாக்குதல்கள் அன்று மாலையில்தான் நடந்தன. இந்தியாவின் ஹல்வாரா தளத்தைத் தாக்க சர்கோதாவிலிருந்து புறப்பட்டவை மூன்றே மூன்று எஃப்-86 சேபர் விமானங்கள். தலைமை ஸ்குவாட்ரன் லீடர் சர்ஃபராஸ் ரஃபீக்கி. கூடப் போனவர்கள் யூனுஸ் ஹுசைன், செசில் சௌத்ரி. செசிலுக்கு அப்போது வயது 24.

ஆதம்பூர் தளத்தை நோக்கி முன்னே போயிருந்த ஆலமின் குழு, வழியில் இந்திய ஹண்டர் விமானங்களோடு மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது. எதிரி விழிப்பாக இருக்கிறான் என்று தெரிந்தும் ரஃபீக்கி திரும்பவில்லை. ஹல்வாராவுக்கு மேலே சண்டை மூண்டது. ரஃபீக்கி ஒரு ஹண்டரை வீழ்த்தினார். அடுத்ததைக் குறி வைத்தபோது அவருடைய துப்பாக்கிகள் இயங்க மறுத்தன.

சுட முடியாத விமானம் சண்டையிலிருந்து விலகிப் போவதில் குற்றமில்லை. ரஃபீக்கி விலகவில்லை. ரேடியோவில் செசிலிடம் தலைமையை ஒப்படைத்துவிட்டு, வெறும் துப்பாக்கிகளோடு அவருக்குப் பின்னால் காவலாக நின்றார். அங்கேயே ரஃபீக்கி சுட்டு வீழ்த்தப்பட்டார். யூனுஸும் திரும்பவில்லை. மூன்று பேர் போன இடத்திலிருந்து இருட்டில், தாழப் பறந்து, தனியாகச் சர்கோதாவுக்கு வந்து சேர்ந்தவர் செசில் மட்டுமே. அந்த யுத்தத்தில் காட்டிய வீரத்துக்காக அவருக்கு 'சிதாரா-ஏ-ஜுர்அத்' விருது கிடைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். முஸ்லிமான ரஃபீக்கி தன் உயிருக்கு மேலாகப் பார்த்தது தனக்கு முன்னால் பறந்த ஒரு கிறிஸ்தவத் தோழனின் முதுகை. அந்த வானத்தில் 'இவன் எந்த மதம்' என்ற கேள்வி எழவில்லை.

1971 டிசம்பரில் மறுபடியும் யுத்தம். ஸஃபர்வால் பகுதியில் செசிலின் விமானம் அடிபட்டது. பரசூட்டில் குதித்தார். விழுந்த இடம் கண்ணிவெடி புதைத்த நிலம். பாக்கிஸ்தான் சிப்பாய்கள் அவரைப் பத்திரமாக மீட்டார்கள். விலா எலும்புகள் முறிந்திருந்தன. அவை பொருந்தும்வரை கட்டிலில் கிடக்க அவருக்கு மனமில்லை. அந்த வலியோடு திரும்பவும் விமானத்தில் ஏறினார்.

வீட்டில் அவருக்கு ஐரிஸ் என்ற மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். விமானியின் குடும்பம் என்றால் என்னவென்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். அடிக்கடி இடமாற்றம். யுத்தம் வந்தால் கதவு தட்டப்படும் சத்தத்துக்குப் பயம். அப்படியான வாழ்க்கையிலும் தேவாலயத்தோடும் குடும்பத்தோடும் ஒட்டி வாழ்ந்தவர் செசில்.

இவ்வளவு செய்தவருக்கு நாடு என்ன செய்தது?

ஜெனரல் ஸியாஉல் ஹக்கின் ஆட்சிக் காலத்தில், குரூப் கெப்டன் என்ற நிலையோடு அவருடைய பதவி உயர்வு நின்றது. அவர் கிறிஸ்தவர் என்பதே அதற்குக் காரணம் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லி வந்தார்கள். 1986இல் விமானப்படையை விட்டு வெளியேறினார்.

வெளிநாடு போயிருக்கலாம். பலர் போனார்கள். செசில் போனது தான் படித்த பாடசாலைக்கு. சென். அந்தனிஸின் அதிபரானார். ஆசிரியர்களாகிய எமக்கு அவருடைய வாழ்க்கையில் ஆகப் பிடித்த பகுதி இதுதான். முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கும் ஓர் இடத்தில் தன் இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கினார். விசேட தேவையுடைய பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்பதில் அக்கறை காட்டினார்.

இன்னொரு போராட்டமும் அவர் முன்னால் இருந்தது. ஸியாவின் ஆட்சி 1985 தேர்தலில் 'தனித் தொகுதி' முறையைக் கொண்டுவந்திருந்தது. அதாவது, கிறிஸ்தவர் கிறிஸ்தவ வேட்பாளருக்கு மட்டுமே வாக்களிக்கலாம், இந்து இந்துவுக்கு மட்டுமே. தேசிய சபையில் கிறிஸ்தவர்களுக்கு 4 ஆசனங்கள். அந்த நான்குக்கும் முழு நாடுமே ஒரே தொகுதி! கராச்சியிலிருந்து பெஷாவர் வரை சிதறிக் கிடக்கும் மக்களை ஒரு வேட்பாளர் எப்படிச் சந்திப்பார்?

கேட்பதற்கு 'உங்களுக்கென்று ஆசனம் தந்திருக்கிறோமே' என்பது போல இருக்கும். நடைமுறை வேறு. கிறிஸ்தவர் வாழும் தெருவில் தண்ணீர் வராவிட்டால், கான் அடைத்துக்கொண்டால், அந்தப் பகுதி எம்.பி.யிடம் போய் முறையிட முடியாது. அவருக்கு இவர்களுடைய வாக்குத் தேவையில்லை. தேவையில்லாத வாக்காளரின் வாசலுக்கு எந்த அரசியல்வாதி வருவார்?

சரித்திரம் படிப்பவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். தனித் தொகுதியை முதலில் கேட்டவர்கள் முஸ்லிம்கள்தானே? உண்மை. 1906இல் இந்திய முஸ்லிம் தலைவர்கள் கேட்டார்கள், 1909இல் பிரித்தானியர் கொடுத்தார்கள். எமது நாட்டிலும் 1931இல் டொனமூர் யாப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கியபோது எமது முன்னோர் பலர் அஞ்சினார்கள். ஆனால், சிறுபான்மை தன் பாதுகாப்புக்காகக் கேட்டுப் பெறுவது ஒன்று. பெரும்பான்மை தன் பொதுப் பட்டியலிலிருந்து சிறுபான்மையை வெளியே தள்ளுவதற்காகத் திணிப்பது இன்னொன்று. பாக்கிஸ்தானில் நடந்தது இரண்டாவது.

செசில் இதை எதிர்த்துப் பல வருடங்கள் உழைத்தார். கூட்டம் போட்டார், எழுதினார், ஒத்த கருத்துள்ள முஸ்லிம்களோடும் சேர்ந்து குரல் கொடுத்தார். அவர் சலுகை கேட்கவில்லை. தன் பக்கத்து வீட்டு முஸ்லிம் வாக்களிக்கும் அதே பெட்டியில், அதே வாக்குச் சீட்டைப் போடும் உரிமையைக் கேட்டார். 2002இல் முஷர்ரஃப் ஆட்சியில் பொதுத் தொகுதி முறை திரும்பி வந்தது. கிறிஸ்தவர்களும் இந்துக்களும் தமது ஊர் வேட்பாளர்களுக்கு மீண்டும் வாக்களித்தார்கள். ஒதுக்கப்பட்ட ஆசனங்களும் தொடர்ந்தன.

அவரோடு சிறுபான்மையினர் உரிமைக்காக இயங்கிய ஷஹ்பாஸ் பட்டி பின்னர் மத்திய அமைச்சரானார். 2011 மார்ச் 2ஆம் திகதி இஸ்லாமாபாத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த வருடம், 2012 ஏப்ரல் 13ஆம் திகதி, செசில் சௌத்ரி லாகூரில் புற்றுநோயால் காலமானார். நூறு வயது தாண்டிய தகப்பனார் மகனை அடக்கம் செய்துவிட்டு, 2013இல் தானும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறோம்.

இந்த நாட்டில் நாம் சிறுபான்மை. 'உங்களுடைய விசுவாசம் எந்த நாட்டுக்கு?' என்ற கேள்வியின் சூடு எமக்குத் தெரியும். ஒருவர் செய்த குற்றத்துக்கு ஊரே தலைகுனிந்து நின்ற நாட்களும் எமக்குத் தெரியும். அப்போது நாம் கேட்பதெல்லாம், எம்மையும் சமமான பிரஜைகளாகப் பாருங்கள் என்பதுதான். அதையேதான் செசிலும் கேட்டார். அவர் கேட்டது முஸ்லிம் பெரும்பான்மையிடம்.

எனவே, இங்கே எமக்கு நீதி கேட்கும்போது, எமது மார்க்கத்தவர் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்றும் நாம் கேட்க வேண்டும். அங்கே கண்ணை மூடிக்கொண்டால், இங்கே நாம் பேசும் பேச்சுக்குப் பெறுமதி இருக்காது.

பாக்கிஸ்தான் கொடியில் பச்சைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது. அது சிறுபான்மையினருக்காக வைத்தது. அடுத்த முறை கிரிக்கெட் போட்டியில் அந்தக் கொடியைப் பார்க்கும்போது, பிள்ளைகளுக்கு அந்த வெள்ளை நிறத்தின் அர்த்தத்தைச் சொல்லிக் கொடுங்கள். ரஃபீக்கியையும் செசிலையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.