மவுண்ட் காக்ஸ் பிட்காயின் இழப்பும் பொதுப் பேரேட்டு ஆய்வும்

மவுண்ட் காக்ஸ் என்பது ஜப்பானின் டோக்கியோவில் இயங்கிய பிட்காயின் பரிமாற்றகம். 2013 இல் உலகின் பிட்காயின் வணிகத்தில் பெரும்பகுதி இதன் வழியே நடந்தது. 2014 பிப்ரவரி 7 அன்று வாடிக்கையாளர்கள் பிட்காயின்களை வெளியே எடுப்பதை நிறுத்தியது. அம்மாத இறுதியில் திவால் பாதுகாப்புக் கோரியது. ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என அறிவிக்கப்பட்டது. அவற்றுள் 2,00,000 பின்னர் பழைய மின்பணப்பை ஒன்றில் கிடைத்தன.

நிறுவனம் பழியை மென்பொருள் குறை ஒன்றின் மீது போட்டது. ஒரு பரிமாற்றம் பேரேட்டில் ஏறுவதற்குள் அதன் அடையாள எண்ணை வெளியார் மாற்றிவிட முடியும். பணம் போய்ச் சேரவில்லை என்று நம்பி நிறுவனம் மறுபடியும் அனுப்பிவிடும் என்பது அதன் விளக்கம். சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தின் கிறிஸ்டியன் டெக்கரும் ரோஜர் வாட்டன்ஹோஃபரும் 2013 ஜனவரி முதலே பிட்காயின் வலையமைப்பில் சென்ற பரிமாற்றங்களைச் சேமித்து வந்தனர். அவற்றை ஆராய்ந்து, வெளியே எடுப்பது நிறுத்தப்படும் முன் இவ்வழியில் அதிகபட்சம் 386 பிட்காயின்களே பறிபோயிருக்கலாம் என்று 2014 மார்ச்சில் காட்டினர். எனில் மற்றவை எங்கே?

பிட்காயின் பேரேட்டை எவரும் படிக்கலாம். ஆனால் அதில் பெயர்கள் இல்லை, முகவரிகளே உண்டு. ஒரே பரிமாற்றத்தில் பல முகவரிகளின் பணம் சேர்ந்து செலவானால், அவற்றின் இரகசியத் திறவுகோல்கள் பெரும்பாலும் ஒருவர் கையில்தான் இருக்கும். இவ்வாறு முகவரிகளைத் தொகுக்கும் முறையைச் சாரா மெய்க்கில்ஜான் குழுவினர் 2013 இல் விரிவாகப் பயன்படுத்தினர். மவுண்ட் காக்ஸின் முகவரிகளைக் கண்டறிய நிறுவனமே ஒரு தடயம் விட்டிருந்தது. 2011 ஜூனில் நடந்த ஊடுருவலுக்குப் பின், பணம் பத்திரமாக இருக்கிறது என்று நிறுவ அதன் தலைவர் மார்க் கார்ப்பலஸ் 4,24,242 பிட்காயின்களை எல்லோர் பார்வையிலும் இடம் மாற்றிக் காட்டினார்.

டோக்கியோவில் வசித்த சுவீடன் நாட்டு மென்பொருளாளர் கிம் நில்சன் இப்பரிமாற்றகத்தில் பிட்காயின் வைத்து இழந்தவர். கசிந்த வர்த்தகப் பதிவுகளைப் பொதுப் பேரேட்டுடன் அவர் பொருத்திப் பார்த்தார். திருட்டு 2011 இன் பிற்பகுதியிலேயே தொடங்கி, 2013 நடுப்பகுதிக்குள் பெரும்பாலானவை போய்விட்டன என்று அவரது விஸ்செக் குழு 2015 ஏப்ரலில் அறிவித்தது. அதாவது திவாலுக்கு வெகுமுன்பே பெட்டி காலி. கணக்குத் திரையில் மட்டும் தொகை இருந்தது.

திருடுபோனவற்றில் பெரும்பங்கு பிடிசி-இ என்ற பரிமாற்றகத்தை அடைந்ததாகவும் விஸ்செக் கண்டது. அதனுடன் தொடர்புடைய ரஷ்யர் அலெக்சாண்டர் வின்னிக் 2017 ஜூலையில் கிரீசில் கைதாகி, 2024 இல் அமெரிக்காவில் பணச்சலவைச் சதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மவுண்ட் காக்ஸிலிருந்து திருடிய ஏறத்தாழ 6,47,000 பிட்காயின்களைச் சலவை செய்யச் சதி செய்ததாக வேறு இரு ரஷ்யர்கள் மீதான குற்றச்சாட்டை அமெரிக்க நீதித்துறை 2023 ஜூனில் வெளியிட்டது.