விமான வடிவமைப்பில் இயந்திரக் கற்றல்: பேராசிரியர் கார்த்திக் துரைசாமியின் ஆய்வுப் பணி

பிளஸ் டூ முடித்த பிள்ளையை கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ப்பதா, வேறு பொறியியல் பிரிவில் சேர்ப்பதா என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. இரண்டையும் இணைத்துப் பணியாற்றும் ஒருவரை அறிந்துகொள்வது இதற்கு உதவும்.

கார்த்திக் துரைசாமி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் பேராசிரியர். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக் கணிதத்தில் முதுகலைப் பட்டமும், விண்வெளிப் பொறியியலில் முனைவர் பட்டமும் பெற்றார். பிறகு கிளாஸ்கோ, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களில் பணியாற்றிவிட்டு மிச்சிகனுக்கு வந்தார். அங்குள்ள கணினிவழி ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பையும் வகித்துள்ளார்.

பிரச்சினை என்ன?

இறக்கையின் மேல் ஓடும் காற்று பெரும்பாலும் சுழல்களாகக் கலங்கி ஓடுகிறது. அதன் ஒவ்வொரு சிறு சுழலையும் கணக்கிட, மிகப்பெரிய கணினிகளாலும் இயலாது. எனவே பொறியாளர்கள் சுருக்கமான மாதிரிச் சமன்பாடுகளைப் பயன்படுத்துகிறார்கள். 1992இல் வெளிவந்த ஸ்பாலார்ட்–ஆல்மராஸ் மாதிரி அவற்றில் ஒன்று. சாதாரணப் பறத்தலில் இவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் உயரும்போது காற்று இறக்கையை விட்டுப் பிரிகிறது, தூக்குவிசை குறைகிறது. கணக்கு சரியாக இருக்கவேண்டிய அந்த ஆபத்தான கட்டத்தில்தான் இம்மாதிரிகள் தவறுகின்றன.

தீர்வு

2016இல் எரிக் பாரிஷுடன் சேர்ந்து துரைசாமி ஒரு வழிமுறையை வெளியிட்டார். முதலில், சோதனை அளவீடுகளோடு கணக்கு ஒத்துப்போக, மாதிரியில் எந்த இடத்தில் எவ்வளவு திருத்தம் தேவை என்று பின்னோக்கிக் கண்டறிவார்கள். அடுத்து, அந்தத் திருத்தத்துக்கும் அவ்விடத்துக் காற்றோட்டத்தின் தன்மைக்கும் உள்ள தொடர்பை இயந்திரக் கற்றல் மூலம் கணினிக்குக் கற்பிப்பார்கள். கற்றதை மீண்டும் சமன்பாட்டில் இணைத்து, புதிய நிலைமைகளைக் கணிப்பார்கள்.

2017இல் அவரது குழு காற்றாலை இறக்கை வடிவங்களில் இதைச் சோதித்தது. தூக்குவிசை அளவுகளை மட்டுமே கற்பித்தும், கற்பிக்காத மேற்பரப்பு அழுத்தக் கணிப்பும் மேம்பட்டது.

இங்கே இயந்திரக் கற்றல் இயற்பியலை அகற்றவில்லை, அதன் குறையைத் திருத்துகிறது. பார்த்திராத நிலைமையில் கணினி தவறான விடையையும் தயங்காமல் சொல்லும். பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட துறையில், அந்த விடையைச் சோதித்துப் பார்க்க அடிப்படை அறிந்த மனிதர் வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு

ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்ற குரோம்பேட்டை எம்.ஐ.டி., இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கான்சாபுரம் பகுதி மாணவர்களும் பொறியியல் கலந்தாய்வு மூலம் அங்கு ஏரோநாட்டிக்கல் பிரிவில் சேரலாம். சென்னை ஐ.ஐ.டி.யிலும் விண்வெளிப் பொறியியல் துறை உள்ளது. அதற்கு ஜே.இ.இ. தேர்வு எழுதவேண்டும்.

எந்தப் பிரிவைத் தேர்ந்தாலும் கணிதத்தையும் இயற்பியலையும் ஆழமாகப் படிக்கச் சொல்லுங்கள். மென்பொருள் கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டில் பெற்ற தேர்ச்சி எந்தக் கருவிக்கும் கைகொடுக்கும்.