பருவமும் பக்குவமும்

உடல் பருவமெய்துவது வேறு. உள்ளம் பக்குவமெய்துவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே பல ஆண்டுகள் உண்டு என்பதை நம் நாட்டுச் சட்டம் ஏற்க நெடுங்காலம் ஆயிற்று.

பம்பாயில் ருக்மாபாய் என்னும் சிறுமிக்கு 11 வயதில் மணம் முடித்தனர். அவர் தாய்வீட்டிலேயே வளர்ந்தார், நூல்கள் பயின்றார், தாமாகச் சிந்திக்கலானார். 1884-இல் கணவர், அவர் தம்முடன் வந்து வாழவேண்டுமென வழக்குத் தொடுத்தார். அறியாப் பருவத்தில், தம் இசைவின்றி நடந்த மணம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்றார் ருக்மாபாய். கணவரிடம் செல்க, அன்றேல் ஆறு மாதம் சிறை என 1887-இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சிறையே மேல் என்றார் அவர். மறு ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பின்னர் அவர் இங்கிலாந்து சென்று மருத்துவம் கற்று, சூரத்தில் மருத்துவராகப் பணிபுரிந்தார்.

இவ்வழக்கு எழுப்பிய வினா ஓயவில்லை. 1929-இல் இயற்றப்பட்ட சாரதா சட்டம் பெண்ணின் குறைந்த திருமண வயதை 14 என வகுத்தது. 1978-இல் அது 18 ஆயிற்று.

மணவறையில் தம் கருத்தைச் சொல்ல வழியற்றிருந்த சிறுமி, ஏறத்தாழ 20 வயதில் நீதிமன்றத்தின்முன் 'இசையேன்' என்று நிமிர்ந்து நின்றார். அவ்விடைக்காலத்தில் வளர்ந்தது உடல் மட்டுமன்று. அந்த வளர்ச்சிக்கு வேண்டிய கால அவகாசமே, இன்று உங்கள் கையிலிருக்கும் உரிமை.