கெட்டிப்பாலும் குழந்தை வயிறும்: மலாயாவில் ஒரு மருத்துவ அறிவுரையின் வரலாறு

1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பெண் மருத்துவர் ஒருவர் உரையாற்றினார். அவ்வுரைக்கு அவர் சூட்டிய தலைப்பு ‘பாலும் கொலையும்’ என்பதாகும். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டின்னில் அடைத்த பாலைக் கொடுக்குமாறு தாய்மார்க்கு அறிவுரை வழங்கியதால் எத்தனையோ பச்சிளங்குழந்தைகள் வயிறு கெட்டு மாண்டன என்றும், அம்மரணங்களைக் கொலையென்றே கருத வேண்டும் என்றும் அவர் அவையோர் முன்னிலையில் கூறினார். அவர் பெயர் சிசிலி வில்லியம்ஸ். காலனித்துவ மருத்துவப் பணியில் இருந்துகொண்டே அவர் இவ்வாறு பேசினார் என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

இவ்வுரையைக் குழந்தை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் நன்கறிவர். மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் இதன்பால் போதிய கவனம் செலுத்தியதாகத் தெரியவில்லை. தோட்டப்புறச் சிசு மரணங்களைப் பற்றிப் பேசும்போது காலனித்துவ அறிக்கைகளை நாம் பெரிதும் சார்ந்திருக்கிறோம். அவ்வறிக்கைகளோ தாயின் அறியாமை, தூய்மையின்மை, மூடப்பழக்கம் ஆகியவற்றையே காரணங்களாக மீண்டும் மீண்டும் சுட்டுகின்றன. தாய் அறியாதவள் எனின் அவளுக்கு அறிவுரை கூறியவர் யார், அவ்வறிவுரை எத்தகையது என்னும் வினாக்களை அவை எழுப்புவதில்லை. இக்கட்டுரையில் நாம் எழுப்ப முற்படுவன அவ்வினாக்களே.

வில்லியம்ஸ் 1893இல் ஜமைக்காவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் பயின்று, 1929இல் கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவிற்குப் பணியாற்றச் சென்றார். அங்கு உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி வெளிறி இறந்த குழந்தைகளைக் கண்டார். அந்நோயை ஊர்த் தாய்மார் ‘குவாஷியோர்கர்’ என அழைத்தனர். அடுத்த குழந்தை பிறந்தவுடன் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் கருத்து. தாய்ப்பாலை இழந்து, புரதமற்ற கஞ்சியை மட்டுமே உண்ணும் குழந்தையின் நிலையை அச்சொல் விளக்கியது. 1933இல் அந்நோயைப் பற்றி எழுதிய அவர், 1935இல் தாய்மார் வழங்கிய அப்பெயரையே மருத்துவ இதழில் பதிப்பித்தார். இலண்டனிலிருந்த வல்லுநர் ஒருவர் அது ஏற்கெனவே அறியப்பட்ட பெல்லக்ரா நோயே என மறுத்தார். காலப்போக்கில் வில்லியம்ஸ் கூறியதே நிலைபெற்றது. தாயின் சொல்லில் அறிவு இருக்கக்கூடும் என்னும் இந்த அணுகுமுறையோடுதான் அவர் 1936இல் மலாயாவிற்கு மாற்றலாகி வந்தார் என்பதை நாம் முதன்மையாகக் கருதுகிறோம்.

சிங்கப்பூரில் அவர் கண்டது வேறொரு சிக்கல். இங்குக் குழந்தைகள் ஆறு மாதம் நிரம்புமுன்பே தாய்ப்பாலை இழந்துகொண்டிருந்தன. செவிலியரைப் போன்று வெள்ளுடை அணிந்த பெண்களை நிறுவனங்கள் பணிக்கமர்த்தியிருந்தன. அவர்கள் தாய்மாரிடம் சென்று, டின்பாலே குழந்தைக்கு உகந்தது எனக் கூறி விற்றனர். அவ்வுடைக்கு இருந்த மதிப்பை இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். எழுத்தறியாத தாயொருத்திக்கு அரசு மருத்துவமனைச் செவிலிக்கும் விற்பனைப் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு எவ்வாறு விளங்கும்? அவள் ஏற்றுக்கொண்டது விளம்பரத்தையன்று. மருத்துவ அறிவுரை எனத் தான் நம்பிய ஒன்றையே.

டின்னில் இருந்தது யாது? 1856இல் அமெரிக்காவில் கெயில் போர்டன் காப்புரிமை பெற்ற முறையில், பாலின் நீரை வற்றச்செய்து, கெடாதிருக்கச் சர்க்கரையைப் பெருமளவில் சேர்த்துச் செய்யப்பட்ட கெட்டிப்பால். எடையில் ஐந்தில் இரண்டு பங்கிற்கும் மேலாகச் சர்க்கரையே அதில் இருந்தது. கொழுப்பு நீக்கிய பாலிலிருந்து செய்யப்பட்ட மலிவு வகையில் கண்பார்வைக்கு இன்றியமையாத வைட்டமின் ஏ-யும் இல்லாது போயிற்று. அத்தகைய கொழுப்பு நீக்கிய கெட்டிப்பால் குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்னும் எச்சரிக்கையை டின்னின் மீதே பொறிக்க வேண்டும் என்று 1920களிலேயே பிரிட்டனில் விதி செய்யப்பட்டிருந்தது. ஆள்வோரின் நாட்டுக் குழந்தைக்கு ஆகாதென அறியப்பட்டது, ஆளப்படுவோரின் நாட்டுக் குழந்தைக்கு எவ்வாறு ஆகும் என்பது எளிய கேள்விதான். ஆயினும் அதை உரக்கக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தது.

குழந்தையின் வயிறு கெடும் வழியும் தெளிவானதே. டின் விலை மிகுதி. எனவே ஒரு டின்னைப் பல நாள் ஓட்டத் தாய் நீரைக் கூட்டுவாள். நீர் பெரும்பாலும் கொதிக்கவைக்கப்படாதது. திறந்த டின்னில் ஈ மொய்க்கும். புட்டியின் இரப்பர்க் காம்பு முறையாகக் கழுவப்படாது. குழந்தைக்குப் போதிய ஊட்டம் இல்லை, கிருமியோ ஏராளம். பேதி தொடங்கும். இடையில் தாய்க்கு முலைப்பால் வற்றிவிடும். பின்னர்த் திரும்பிச் செல்லவும் வழியிராது. இதில் தாயின் குற்றம் எனச் சொல்லத்தக்கது எது?

தோட்டப்புறத்தில் இந்நிலை மேலும் கடுமையாக இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. இரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றாக வேண்டும். பால்மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்ப நண்பகல் கடந்துவிடும். கைக்குழந்தை அதுவரை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். ஒரு கிழவி பல குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அவ்விடத்தில், கரைத்த டின்பாலே பல தோட்டங்களில் குழந்தைகளின் பசியை ஆற்றியது. ஆகவே தாய்ப்பாலை நிறுத்தியது தாயின் மனமன்று, வேலை நேரம். அறிக்கை எழுதிய அலுவலர்கள் லயத்துச் சாக்கடையைக் கண்டனர். பெரட்டு மணியைக் காரணங்களுள் ஒன்றாக எண்ணினாரல்லர்.

இவ்வாறு கூறுவதால் பாட்டிமார் வழங்கிய மருந்துகள் யாவும் குற்றமற்றவை என நாம் வாதிடவில்லை. காலனித்துவப் பார்வையை மறுக்கும் வேகத்தில் மரபு எல்லாவற்றையும் போற்றிவிடும் போக்கு நம் ஆய்வுகளில் உண்டு. அது குழந்தைக்கு நன்மை செய்யாது. தமிழர் இல்லங்களில் குழந்தை வயிற்றுக் கோளாறு மாந்தம் எனப்பட்டது. சித்த மருத்துவத்தின் பாலவாகட நூல்கள் மாந்தத்தைப் பல வகையாகப் பகுத்துரைக்கின்றன. வீட்டு அளவில் உரைமருந்து, ஓமநீர், விளக்கில் சுட்டுத் தாய்ப்பாலில் இழைத்த வசம்பு ஆகியவை வழங்கின. வசம்பிற்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே ஒரு பெயர் உண்டு. ஆயினும் வசம்பிலுள்ள அசரோன் என்னும் பொருள் விலங்காய்வுகளில் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் காணப்பட்டமையால், 1968இல் அமெரிக்கா அதனை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. பெயரின் அழகு பொருளின் பாதுகாப்பிற்குச் சான்றாகாது. பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலைப் பீச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரை நீரைச் சேனையாக வைத்த வழக்கமும் அவ்வாறே. நோயெதிர்ப்பாற்றல் மிகுந்த முதல் உணவை அது குழந்தையிடமிருந்து பறித்தது.

எது மரபு, எது அயல் என்னும் எல்லையும் நாம் நினைப்பது போலத் தெளிவானதன்று. கிரைப் வாட்டரை எடுத்துக்கொள்வோம். இன்று பல தமிழ்க் குடும்பங்கள் அதனைப் பாட்டி காலத்து மருந்தாகவே மதிக்கின்றன. 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்னும் மருந்தாளுநர் உருவாக்கிய கலவை அது. சதுப்புநிலக் காய்ச்சலுற்ற குழந்தைகளுக்கு அவ்வூர் மருத்துவர்கள் தந்த மருந்தைத் தழுவி அவர் அதைச் செய்தார். சோடியம் பைகார்பனேட், சதகுப்பை எண்ணெய், சர்க்கரை, நீர் ஆகியவற்றோடு சாராயமும் அதில் கலந்திருந்தது. குழந்தை அழுகை நின்றதன் மறைபொருள் சாராயத்திலும் சர்க்கரையிலும் இருந்திருக்கலாம் எனப் பிற்கால ஆய்வாளர் கருதினர். பிரிட்டனில் விற்ற கிரைப் வாட்டரிலிருந்து 1992இல்தான் சாராயம் நீக்கப்பட்டது. நம் நாட்டு மருந்துக் கடையில் நெடுங்காலமாக விற்கும் சதகுப்பை, ஆங்கிலேயர் புட்டியில் புகுந்து, விலை கூடி, நம்மிடமே மரபுமருந்தாக வந்துசேர்ந்தமை வேடிக்கைதான். வயிற்று வலிக்கு அது பயனளிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இதுவரை கிட்டவில்லை.

மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்பட்ட அறிவுரையும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதாய் இருக்கவில்லை. பேதி கண்ட குழந்தைக்குப் பால் கொடாமல் குடலுக்கு ஓய்வு தர வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேலைப் பாடநூல்களின் கொள்கை. பேதியின்போது பட்டினி போடும் நம் வீட்டு வழக்கத்திற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. நீரிழந்து உச்சிக்குழி உள்வாங்கிக் கிடக்கும் குழந்தைக்கு இரண்டும் ஒரே தீங்கைச் செய்தன. குளுக்கோசும் சோடியமும் ஒருங்கே சேரும்போது நோயுற்ற குடலும் நீரை உறிஞ்சும் என்பது 1960களில் தெளிவாயிற்று. 1968இல் டாக்காவில் வாந்திபேதி நோயாளிகளுக்கு வாய்வழி உப்புச்சர்க்கரைக் கரைசல் வெற்றியாகக் கொடுக்கப்பட்டது. 1971இல் வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்துப் பன்காவ் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் அதனைப் பெருமளவில் பயன்படுத்தினார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு நான்கிற்கும் கீழே இறங்கியது. கரைசலைப் புகட்டியவர்களுள் தாய்மாரும் உறவினரும் அடங்குவர். பேதியின்போது தாய்ப்பாலை நிறுத்தலாகாது என்பதே இன்றைய மருத்துவ நெறி.

மீண்டும் வில்லியம்ஸிடம் வருவோம். 1941இல் திரங்கானுவில் பணியாற்றிய அவர், ஜப்பானியர் படையெடுத்தபோது அங்கிருந்து தப்பிச் சிங்கப்பூர் வந்துசேர்ந்தார். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். ஜப்பானிய இராணுவக் காவலரிடம் பல மாதங்கள் விசாரணைத் துன்பமும் அனுபவித்தார். அச்சிறைவாசத்தில் பிறந்த குழந்தைகளைப் பற்றி அவர் பின்னாளில் ஒரு கணக்குச் சொல்வதுண்டு: பிறந்தவை 20, தாய்ப்பால் அருந்தியவை 20, பிழைத்தவை 20. டின்பாலும் இல்லை, புட்டியும் இல்லை. தாய்மார்க்கே போதிய உணவில்லை. எண்ணிக்கை சிறிதுதான். எனினும் ஏழைத் தாயின் பால் போதாது, ஆகவே டின்பால் வேண்டும் என்ற வாதத்திற்கு இதைவிடக் கடுமையான சோதனை அமைந்திருக்க முடியாது.

1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவிற்கு அவர் முதல் தலைவரானார். ஆயினும் அவர் 1939இல் எழுப்பிய குற்றச்சாட்டு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொதுமக்கள் கவனத்தைப் பெறவில்லை. 1974இல் பிரிட்டனில் வெளிவந்த ‘குழந்தைக் கொல்லி’ என்னும் அறிக்கையும், 1977இல் அமெரிக்காவில் தொடங்கிய நெஸ்லே புறக்கணிப்பும் நிலையை மாற்றின. 1979இல் மலேசியாவும் சிங்கப்பூரும் குழந்தைப்பால் மாவு விற்பனைக்கு ஒழுக்கநெறிகளை வகுத்தன. 1981 மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை அனைத்துலக நெறிமுறையை ஏற்றது. ஆதரவாக 118 நாடுகளும் எதிராக அமெரிக்கா ஒன்றும் வாக்களித்தன. விற்பனைப் பெண்டிர் தாய்மாரை அணுகுவதை அந்நெறிமுறை விலக்கியது. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் கேட்கப்பட்டதும் அதுதான்.

இவ்வியக்கத்தில் பினாங்கிற்குத் தனியிடம் உண்டு. மலேசியரான அன்வர் ஃபசல் தலைமை வகித்த அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் அமைப்பு அங்கு அலுவலகம் கொண்டிருந்தது. அவ்வமைப்பே 1986இல் ‘பாலும் கொலையும்’ உரையைச் சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டது. வில்லியம்ஸ் அப்போது உயிருடன் இருந்தார், 1992இல் காலமானார். கெட்டிப்பால் இன்றும் நம்மிடையே உண்டு. ஒட்டுக்கடைத் தே தாரிக்கில் அதற்குரிய இடத்தில் இருக்கிறது.

ஆயாக் கொட்டகையில் டின்பாலைக் கரைத்துப் புகட்டிய கிழவிகளின் வாய்மொழிகளை நம் துறை முறையாகத் திரட்டவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். அவர்தம் கையில் வளர்ந்தோர் முதியோர் இல்லங்களிலும் பிள்ளைகளின் அடுக்குமாடி வீடுகளிலும் இருக்கின்றனர். டின்னை யார் கொடுத்தார், எவ்வளவு நீர் ஊற்றச் சொன்னார், குழந்தைக்குப் பேதி கண்டபோது டிரெசர் என்ன கூறினார் என்பவற்றை இன்னும் சில ஆண்டுகளுக்கே அவர்களிடம் கேட்க இயலும்.