மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் பள்ளிக் கல்வி: பெற்றோர் அறிய வேண்டியவை

உள்ளடக்கிய கல்வி என்றால் என்ன?

மாற்றுத்திறன் கொண்ட குழந்தை, தன் வயதையொத்த பிற குழந்தைகளுடன் ஒரே வகுப்பறையில் கற்பதே உள்ளடக்கிய கல்வியாகும். இதில் குழந்தை பள்ளிக்கேற்ப மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. குழந்தையின் தேவைக்கேற்பப் பள்ளியின் கட்டடமும், கற்பிக்கும் முறையும், தேர்வு முறையும் மாற்றியமைக்கப்படுகின்றன.

குணமான பிறகுதான் பள்ளியா?

“முதலில் நடக்கட்டும், பேசட்டும், பிறகு பள்ளியில் சேர்க்கிறோம்” என்று பெற்றோர் பலர் மருத்துவரிடம் கூறுவதுண்டு. அக்கறையினால் எழும் எண்ணமே இது. எனினும், இதனால் குழந்தை இழக்கும் ஆண்டுகள் திரும்பக் கிடைப்பதில்லை. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகியவை சில மாத மருந்தினால் நீங்கிவிடும் நோய்கள் அல்ல. பேசவும் பழகவும் தன் வேலைகளைத் தானே செய்யவும் குழந்தை பிற குழந்தைகளைப் பார்த்தே பெரிதும் கற்கிறது. ஆகவே, சிகிச்சையும் கல்வியும் ஒருசேர நடைபெற வேண்டும்.

சட்டம் உறுதி செய்யும் உரிமைகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அச்சட்டத்தின்படி:

• அரசு நிதியுதவி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.
• கட்டடம், வளாகம் ஆகியவற்றை அணுகத்தக்கவையாக அமைத்தல் வேண்டும்.
• 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அருகமைப் பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கல்வி பெறலாம்.
• அக்குழந்தைக்கு 18 வயது வரை பாடநூல்களும் உதவி உபகரணங்களும் இலவசமாக வழங்கப்பட வேண்டும்.
• தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மற்றும் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற மாற்றங்கள் செய்யப்பட வேண்டும்.

சான்றிதழின் பயனும் எல்லையும்

மாற்றுத்திறனாளி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் உதவித்தொகை, உபகரணங்கள், தேர்வுச் சலுகைகள் ஆகியவற்றைப் பெற உதவும். அவற்றுக்குக் காலந்தாழ்த்தாது விண்ணப்பியுங்கள். ஆயினும், பள்ளிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் வேண்டும் என்று இச்சட்டத்தின் 16ஆம் பிரிவு நிபந்தனை விதிக்கவில்லை. சான்றிதழில் உள்ள விழுக்காடு உடல் அல்லது மனநலக் குறைபாட்டின் அளவைக் குறிப்பதேயன்றி, குழந்தை எவ்வளவு கற்கும் என்பதைக் குறிப்பதன்று. “70 விழுக்காடு” என எழுதப்பட்டிருப்பதால் அக்குழந்தைக்குப் படிப்பு வராது என முடிவு செய்தல் தவறு.

மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டிய குறிப்பு

நோயின் பெயரை மட்டும் அறிந்துகொண்டு ஆசிரியரால் அதிகம் செய்ய இயலாது. வகுப்பறையில் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதித் தருமாறு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எடுத்துக்காட்டாக:

• செவித்திறன் குறைபாடு: முன்வரிசை இருக்கை, ஆசிரியர் முகம் தெரியுமாறு பேசுதல், காதொலிக் கருவிக்கு மாற்று பேட்டரி.
• குறைபார்வை: பெரிய எழுத்தில் அச்சிட்ட பாடம், கண் கூசாத போதிய வெளிச்சம்.
• மூளை முடக்குவாதம்: கால் பாதங்கள் ஊன்றும் வகையிலான நாற்காலி; எழுதுவதற்குக் கூடுதல் நேரம்.
• தண்டுவடப் பிளவு: சிறுநீர்க் குழாயைக் குறித்த நேரத்தில் பயன்படுத்தத் தூய்மையான, தனிமையான கழிவறை.
• வலிப்பு: குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தல், வாயில் எதையும் வைக்காதிருத்தல், வலிப்பு 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108 ஊர்தியை அழைத்தல்.

குழந்தை வளர வளரத் தேவைகள் மாறும். ஆகையால், ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் இக்குறிப்பைப் புதுப்பித்து வகுப்பாசிரியரிடம் நேரில் அளியுங்கள்.

யாரை அணுகலாம்?

தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளையும் அரசுப் பள்ளிகளையும் பார்வையிட்டு, குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிகின்றன. மேல் பரிசோதனை தேவைப்படும் குழந்தைகள் மாவட்டத்திலுள்ள தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்பப்படுகின்றனர். தமிழ்நாட்டில் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிக்கும் பெற்றோருக்கும் வழிகாட்டுகின்றனர்.

பள்ளிக்குச் செல்ல இயலாவிடில்

கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, இல்லம் சார்ந்த கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டம் வழங்குகிறது. இது பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டியது. பள்ளி கட்டாயப்படுத்தக் கூடாது. குழந்தையின் உடல்நிலை மேம்படும்போது பள்ளிக்கு அனுப்புவது குறித்து மருத்துவருடன் மீண்டும் கலந்தாலோசியுங்கள்.

சேர்க்கை மறுக்கப்பட்டால்

மறுப்புக்கான காரணத்தை எழுத்து வடிவில் கேளுங்கள். இக்குழந்தைகளின் சேர்க்கை குறித்த பணிகளைக் கவனிக்க மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு பொறுப்பு அலுவலர் இருத்தல் வேண்டும் என 2017ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறுகின்றன. முதலில் அங்கும், தீர்வு கிட்டாவிடில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம்.

உங்கள் குழந்தைக்குப் பள்ளி வயது நெருங்கிவிட்டதெனில், அடுத்த மருத்துவ ஆலோசனையின்போது மருந்துகளைப் பற்றிக் கேட்பதோடு பள்ளியைப் பற்றியும் கேளுங்கள். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.