ஆபரேஷன் இல்லாமல் மூளைக்குள் அல்ட்ராசவுண்ட்: எரிப்பதா, தூண்டுவதா?

கர்ப்பகால ஸ்கேனில் பார்த்த அதே அல்ட்ராசவுண்ட்தான். பல திசைகளிலிருந்து ஒலி அலைகளை மண்டையோட்டின் வழியே அனுப்பி, மூளைக்குள் சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள்.

வீரியத்தைக் கூட்டினால் அந்த இடம் சூடாகி, திசு நிரந்தரமாக அழியும். மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு வகை கைநடுக்கத்துக்கு 2016-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ இதை அனுமதித்தது.

வீரியத்தைக் குறைத்தால் எதுவும் எரியாது. நரம்பு செல்களின் செயல்பாடு மட்டும் கொஞ்ச நேரத்துக்கு மாறும். 2014-ல் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் தொடுவுணர்வுக்கான மூளைப் பகுதியில் இதைச் செலுத்தினார்கள். அருகருகே தொடும் இரண்டு முனைகளைப் பிரித்தறியும் திறன் கூடியது. மனச்சோர்வு, வலி ஆகியவற்றுக்கு உதவுமா என்று இப்போது சோதிக்கிறார்கள்.

‘கத்தியில்லாத மூளை சிகிச்சை’ என்று யாராவது சொன்னா, முதல்ல கேளுங்க: எரிக்கிறீங்களா, தூண்டுறீங்களா? எரித்த திசு திரும்ப வராது. தூண்டுவதோ இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கு.