சித்திரமும் கேத்திரகணிதமும் பிரிந்த கதை

இலங்கைப் பாடசாலையில் சித்திரம் ஒரு பாடம். கேத்திரகணிதம் இன்னொரு பாடத்தின் பகுதி. அங்கே தூரிகை, இங்கே கவராயமும் பாகைமானியும். இரண்டும் பிறவியிலேயே வேறு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோட்சி, சித்திர ஆசிரியர் பூஸின் துணையோடு 1803இல் வெளியிட்ட நூல், எண்ணையும் மொழியையும் போல வடிவமும் கல்வியின் அடிப்படை என்ற கொள்கையில் எழுந்தது; சதுரத்தை வைத்துக் கண்ணால் அளந்து வரையப் பிள்ளையைப் பழக்கியது. 1853இல் லண்டனில் அமைந்த விஞ்ஞான, கலைத் திணைக்களத்தின் சித்திரப் பரீட்சையில் கேத்திரகணிதமும் ஒரு பகுதி. சதுரமுகி, கூம்பு, உருளை போன்ற திண்மங்களை முன்னால் வைத்துப் பார்த்து வரைவது இன்னொரு பகுதி. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளின் வகுப்பறைகளிலும் அதன் சாயல் படிந்தது.

அந்த முறையை நான் மெச்சவில்லை. தொழிற்சாலைக்கு ஆள் சேர்க்கும் நோக்கம் அதில் வெளிப்படையாகவே இருந்தது. அச்சிட்ட தாளைப் பார்த்துப் பிரதி பண்ணுவதே பெரும்பாலும் பாடமாயிற்று. 1920இல் இலங்கைக்குச் சித்திரப் பரிசோதகராக வந்த சி.எஃப். வின்சர் பிள்ளையின் சொந்த வெளிப்பாட்டுக்கு இடம் கேட்டது நியாயமே. அவர் பெயரிலேயே யாழ்ப்பாணத்தில் 1938இல் எஸ்.ஆர். கனகசபை ஓவியக் கழகம் தொடங்கினார் என்றால், அந்தக் காற்று எவ்வளவு தேவைப்பட்டது என்று விளங்கும். ஆனால் பிரதி பண்ணுவதைக் கைவிட்டபோது பார்த்து அளந்து வரைவதும் கூடவே நழுவிப் போனது. சித்திரத்துக்கு அது விடுதலை. கணிதத்துக்கு நட்டம்.

நட்டம் எவ்வளவு என்பதை மன்னார்த் தீவின் பேசாலைக் கரையில் காணலாம். அங்கே காயும் வலையின் ஒரு கண்ணைத் தரம் 7 மாணவி வரைகிறாள் என்று வையுங்கள். நான்கு பக்கமும் 2 சென்ரிமீற்றர். சுற்றளவு எப்போதும் 8. இறுக்கி இழுத்தால் கண் மூடிக்கொள்ளும், பரப்பளவு இல்லாமலே போகும். சதுரமாக விரித்தால் பரப்பளவு 4 சதுர சென்ரிமீற்றர், அதற்கு மேல் ஏறாது. இழுத்துப் பிடித்தால் 100 மீற்றர் வரும் வலையை 50 மீற்றர் கயிற்றில் சுருக்கிக் கோத்தால், ஒவ்வொரு கண்ணின் குறுக்கு மூலைவிட்டமும் 2 சென்ரிமீற்றர் ஆகிறது. அதாவது சாய்சதுரம் இரண்டு சமபக்க முக்கோணிகளாகப் பிரிகிறது. வலை கோக்கிறவர்கள் இந்தச் சுருக்கத்தைக் கைப்பழக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். சுற்றளவு மாறாவிட்டால் பரப்பளவும் மாறாது என்ற பிழையான எண்ணம் மாணவரிடையே சாதாரணம். மூன்று நிலைகளில் அதே கண்ணை வரைந்தவளிடம் அது தங்காது.

பார்த்து வரைந்தால் கண் ஏமாற்றும், கேத்திரகணிதமோ நிறுவலில் நிற்பது என்பது, அதைக் கணித வகுப்புக்குக் கொண்டுவருவதற்கு எதிரான வலுவான மறுப்பு. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் திறந்த தம்பபவனி காற்றாலைகளை எடுத்துக்கொள்வோம். 30 காற்றாடிகள், ஒவ்வொன்றிலும் 120 பாகை இடைவெளியில் மூன்று அலகுகள். சற்றுப் பக்கவாட்டில் நின்று வரைகிறவரின் தாளில் மூன்று கோணங்களும் 120 ஆக வரமாட்டா. அலகின் நுனி சுற்றும் வட்டமும் நீள்வளையமாகிவிடும். கண்டதும் அறிந்ததும் முரண்படும் இந்த இடத்தில்தான் “ஏன்” என்ற கேள்வி பிறக்கிறது. நிறுவல் அந்தக் கேள்விக்கு விடையாக வரட்டும். நெதர்லாந்தின் வான் ஹீலே தம்பதியர் 1957இல் முன்வைத்த படிநிலைகளிலும் உருவத்தைக் கண்டறிவதே முதற்படி. நிறுவல் வெகு பின்னால் வருவது.

சித்திர ஆசிரியர் இருக்கிறாரே, கணித வகுப்பில் பார்த்து வரைவது எதற்கு என்றும் கேட்கலாம். தரம் 6 முதல் அழகியற் பாடம் தெரிவுக்குரியது. சங்கீதமோ நடனமோ எடுத்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் எதையும் உற்றுப் பார்த்து வரையாமலே சாதாரண தரம் வரை வந்துவிடலாம். கணிதம்தான் எல்லோருக்கும் உரிய பாடம். ஆகவே பார்த்து வரையும் பென்சிலை முதலில் அங்கே எடுக்க வேண்டியிருக்கிறது.